இஸ்திரி போட்டால் மறையும் பேனா: ஒரு குழந்தைப் போர்வைக்காகச் செய்து பார்த்த சோதனைகள்

சௌகார்பேட்டையில் தையல் சாமான் விற்கும் எந்தக் கடையில் நின்றாலும் இப்போது ஒரு டப்பாவில் கத்தையாக, சூடு பட்டால் மறையும் இந்தப் பேனா ரீஃபில்கள் இருக்கும். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று நாலு நிறம். "அயர்ன் பண்ணா போயிடும் மேடம்" என்று சொல்லி, ஒரு வெட்டுத்துணியில் கோடு போட்டு, அடியில் லைட்டரைக் காட்டிக் கோட்டைக் காணாமல் ஆக்கியும் காட்டுவார்கள். வித்தை உண்மைதான். ஆனால் மை எங்கும் போகவில்லை. நிறத்தை மட்டும் விட்டுவிட்டுத் துணியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்துவிட்டால் இந்தப் பேனாவை எங்கே தாராளமாக ஓட்டலாம், எங்கே பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்பது கிட்டத்தட்டத் தானாகவே புரிந்துவிடும்.

ரவிக்கை, பாவாடை என்று தைத்துக்கொண்டிருந்தவரை நான் இதையெல்லாம் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு போர்வை. அக்கா மகள் அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருக்கிறாள். ஜனவரியில் பிரசவம். "கடையில வாங்குறதெல்லாம் இங்கயே கிடைக்குது சித்தி. பாட்டி புடவையில ஒரு ஒட்டுப் போர்வை தெச்சுக் குடுங்க, அது போதும்" என்றாள். அம்மாவின் பழைய சுங்குடிகளும் செட்டிநாடு காட்டன்களும் பீரோவில் மடித்தபடியே இருந்தன. 36க்கு 48 இன்ச் போர்வை, ஆறு இன்ச் சதுரங்கள், வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை. அது ஒன்றும் மலைப்பான வேலை இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். சதுரங்களை இணைத்து, நடுவில் ஒரு பிளானல் துணி, அடியில் ஒரு வேட்டி என்று மூன்றையும் சேர்த்து, மேல் முகத்தில் மூலைக்கு மூலை கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் கையால் ரன்னிங் ஸ்டிச் ஓட்ட வேண்டும். கோடு நேராக இல்லாவிட்டால் தையல் நேராக வராது. அந்தக் கோட்டை எதால் போடுவது?

மினியாபொலிஸில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி என்பது யாரும் ஆச்சரியப்படும் விஷயமில்லை. இந்தப் பேனாவால் போட்டு மறைத்த கோடு திரும்பி வரும் குளிரும் அதுதான்.

மையின் உள்விவகாரம்

சூட்டுக்கு நிறம் மாறும் இந்த மை ஜப்பானின் பைலட் நிறுவனம் உருவாக்கியது. 1970களிலேயே அதற்கான மூலச் சரக்கைச் செய்துவிட்டார்கள். எழுதி அழிக்கும் பேனாவாக 'ஃப்ரிக்‌ஷன்' என்ற பெயரில் 2006இல் ஐரோப்பாவிலும் அடுத்த வருடம் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் காகிதத்தில் எழுதுவதற்காகச் செய்தது அது. பின்பக்கம் இருக்கும் கட்டி ரப்பரால் தேய்த்தால் தேய்ப்பில் வரும் சூட்டிலேயே எழுத்து மறையும். துணி தைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சூடுதானே, நம்மகிட்ட இஸ்திரிப் பெட்டியே இருக்கே" என்று தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

மைக்குள் இரண்டு மூன்று மைக்ரான் அளவில் கண்ணுக்குத் தெரியாத உறைகள் மிதக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் மூன்று பொருள். ஒன்று, தனியாக இருந்தால் நிறமே காட்டாத சாயம். இரண்டாவது, அந்தச் சாயத்தோடு ஒட்டினால் அதற்கு நிறத்தை ஏற்றும் பொருள். மூன்றாவது, சூட்டைப் பார்த்து இரண்டையும் ஒட்டவோ பிரிக்கவோ செய்யும் பொருள். சுமார் 60 டிகிரி செல்சியஸில் இந்த மூன்றாவது ஆசாமி உருகி நடுவில் புகுந்து மற்ற இரண்டையும் பிரித்துவிடும். நிறம் போய்விடும். ஆறின உடனே திரும்பி வந்துவிடுமா என்றால் வராது, அங்கேதான் இதன் கெட்டிக்காரத்தனம். மைனஸ் 10 பக்கம் இறங்கினால்தான் சாயம் மறுபடி ஒட்ட ஆரம்பிக்கும், மைனஸ் 20இல் கோடு முழுசாக எழுந்துவிடும். நடுவில் இருக்கும் எழுபது டிகிரிக்குள் எந்த நிலையில் விட்டோமோ அந்த நிலையிலேயே கிடக்கும்.

சென்னையின் வெயிலும் மழையும் மார்கழியும் எல்லாமே இந்த எழுபது டிகிரிக்குள் அடக்கம். அதனால் நம் ஊர்த் தையல்காரர் யாரும் கோடு திரும்பி வந்து பார்த்ததில்லை. "பத்து வருஷமா போடுறேன், ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்தத் துணி இதுவரை குளிரைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விமானத்தின் சரக்கறையில் உறைந்துதான் கோடு வரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பறக்கும் உயரத்தில் வெளியே மைனஸ் 50 இருக்கும், ஆனால் சரக்கறை பொதுவாக அந்த அளவுக்குக் குளிராமல்தான் வைக்கப்படுகிறது. எனக்குப் பயம் விமானத்தைப் பற்றி இல்லை. இறங்கின பிறகு, சூடேற்றாத டெலிவரி வண்டியிலும் வீட்டு வாசற்படியிலும் பார்சல் கிடக்குமே, அந்த நேரத்தைப் பற்றித்தான்.

மற்றதெல்லாம் ஏன் ஒத்துவரவில்லை

இந்தப் பேனா இங்கே இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்கு நம் ஊர்க் காற்றும் வியர்வையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தண்ணீரில் கரையும் நீலப் பேனா என்று ஒன்று இருக்கிறது. கோடு அழகாக விழும், ஈரத் துணியால் ஒற்றினால் போய்விடும். ஆனால் சென்னையில் மே மாதம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையால் தைக்கும்போது உள்ளங்கையே ஈரத் துணிதான். தைத்து முடிப்பதற்குள் பாதிக் கோடு என் மணிக்கட்டில் இருக்கும். தவிர, அந்த நீலத்தைத் தண்ணீரில் எடுக்காமல் இஸ்திரி போட்டால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். சூட்டுப் பேனாவும் நீலம், தண்ணீர்ப் பேனாவும் நீலம் என்று ஒரே டப்பாவில் போட்டு வைப்பவர்கள் கவனிக்கவும்.

காற்றில் மறையும் ஊதாப் பேனா இன்னொன்று. ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும் என்பது கணக்கு. ஈரக்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். கடலோர ஊரில் காலையில் போட்ட கோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரே மூச்சில் தைத்து முடிக்கும் சின்ன வேலைக்குச் சரி. கையால் ஓட்டும் போர்வை வாரக்கணக்கில் இழுக்கும்.

துணியில் குறி வைக்கும் சாக்பீஸில் இரண்டு வகை. களிமண் சாக் தட்டினால் உதிரும், ஆனால் கூர் சீக்கிரம் போய்விடும், கோடு தடிமனாகும். மெழுகு சாக் கோடு மெல்லிசாக விழும், சூடு பட்டால் உருகித் துணிக்குள் இறங்கும், பட்டில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி தெரியும். அடர்ந்த நிறத் துணிக்கு எங்கள் தெரு தையல் மாஸ்டர் இன்னமும் கரைந்து சில்லாகிப் போன வெள்ளைக் குளியல் சோப்பைத்தான் வைத்திருக்கிறார். காய்ந்த சோப்புச் சில்லின் ஓரம் நல்ல கூராக இருக்கும், துவைத்தால் சுத்தமாகப் போய்விடும். அதைவிடச் சிக்கனமான மார்க்கர் இருப்பதாகத் தெரியவில்லை.

துண்டுத் துணிச் சோதனை

புடவையில் கை வைப்பதற்கு முன்னால் வெட்டுத்துணிகளில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளைக் காடா, மஞ்சள் சுங்குடி, அரக்குச் செட்டிநாடு காட்டன், கறுப்பு பாப்ளின், சந்தன நிற ரா சில்க், கருநீல பாலியஸ்டர் ஜார்ஜெட். நல்ல பேனா ஒன்றும், பெயரில்லாத ரீஃபில்கள் நாலு நிறத்திலும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு துணியிலும் எந்தக் கோடு எந்தப் பேனா என்று பக்கத்தில் பால்பாயின்ட்டால் எழுதி வைக்க வேண்டும். சூட்டுப் பேனாவாலேயே பெயர் எழுதினால் கோட்டோடு பெயரும் போய்விடும்.

கோடு போடும்போதே சில விஷயம் தெரிந்தது. துணி முனையோடு சேர்ந்து இழுபடும். துணிக்கு அடியில் மெல்லிய உப்புத்தாளை வைத்தால் அது பிடித்துக்கொள்கிறது, கோடு ஆடாமல் விழுகிறது. 0.5 மில்லிமீட்டர் முனை இழையில் மாட்டி விட்டுவிட்டு எழுதுகிறது, 0.7 தடையில்லாமல் ஓடுகிறது. அழுத்தி எழுதத் தேவையே இல்லை. அழுத்தினால் மை அதிகம் இறங்கும், பின்னால் வரும் தொல்லைக்கெல்லாம் அதுதான் வேர்.

இஸ்திரிப் பெட்டியை ஒற்றைப் புள்ளியில், அதாவது நைலானுக்கு வைக்கும் அளவில் வைத்தாலே போதும். அது 110 டிகிரி பக்கம் வரும், மைக்கு வேண்டியது 60தான். காட்டன் அளவுக்கு ஏற்றுவது வீண். ஹேர் டிரையரிலும் மறைகிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வெள்ளைக் காடாவில் கறுப்பும் நீலமும் சுத்தமாக மறைந்தன. பெயரில்லாத சிவப்பு ரீஃபில் மட்டும் மெல்லிய மஞ்சள் சாயலை விட்டுவிட்டுப் போனது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது, ஆனால் தெரிகிறது. மஞ்சள் சுங்குடியில் ஒன்றுமில்லை. ஜார்ஜெட்டில் பேனா ஓடுவதே சிரமம், மறைவது சுலபம்.

அரக்குத் துணிதான் பாடம் நடத்தியது. வெள்ளை ரீஃபிலால் போட்ட கோடு சூட்டில் மறைந்தது போலத்தான் இருந்தது. நேராகப் பார்த்தால் எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால், வியர்வை காய்ந்து உப்புப் பூத்த மாதிரி ஒரு வெளிறிய கோடு. நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் மங்குகிறது, போகவில்லை. கறுப்பு ரீஃபிலால் அதே அரக்கில் போட்ட கோடும் அதே வெளிறலைத்தான் விட்டது. ஆக, வெள்ளை மையின் குற்றம் இல்லை இது. நிறம் இழந்த மை இழையின் மேல் படிந்து நிற்கிறது, அடர்ந்த நிறத்தின் மேல் அது பொடி போலத் தெரிகிறது. கறுப்பு பாப்ளினில் இன்னும் மோசம். ரா சில்க்கில் வெளிறல் இல்லை, ஆனால் முனை அழுந்திய இடத்தில் இழை நசுங்கி ஒரு மினுமினுப்பு.

வெள்ளி நிற ரீஃபில் ஒன்றையும் இதோடு சேர்த்தே விற்கிறார்கள். அது செருப்பு, பை தைப்பவர்கள் தோலில் குறி வைக்கும் வகை. இஸ்திரிக்கு அது அசையாது. வெள்ளை என்று கேட்டு வாங்கும்போது எழுதிப் பார்த்துச் சூடு காட்டி வாங்குவது நல்லது.

அடுத்தது குளிர். எங்கள் டபுள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 காட்டும். இஸ்திரி போட்டு மறைத்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு ராத்திரி உள்ளே வைத்தேன். காலையில் காடாவில் கறுப்புக் கோடு, போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஆனால் கடுகளவும் இடம் மாறாமல் திரும்பி வந்திருந்தது. நீலமும் அப்படியே. வெளியே எடுத்து வைத்து, துணி அறைச் சூட்டுக்கு வந்த பிறகும் கோடு நிற்கிறது. மறுபடி பெட்டி வைத்தால் மறுபடி மறைகிறது.

மாமியார் வீட்டு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் அதே துண்டை வைத்துப் பார்த்ததில் ஒன்றுமே வரவில்லை. ஐஸ் கட்டுகிறது என்பதற்காக மைனஸ் 10ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இது முக்கியம், ஏனென்றால் "நான் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்களின் ஃப்ரீசர் இந்த ரகமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் குல்ஃபிக்காரர் வழி இருக்கிறது. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்து, துணியை ஜிப் கவரில் மூடி நடுவில் புதைத்துவிடுங்கள். உப்பு ஐஸை உருக்கும்போது சூடு பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும், மைனஸ் 10ஐ அதில் தாராளமாகத் தாண்டலாம். கோடு எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

துவைத்தால்? கோடு போட்ட காடாவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் இஸ்திரி போட்டு அப்புறம் துவைத்தேன், இன்னொன்றை நேராக சோப்புத்தூளில் ஊறவைத்துக் கசக்கிவிட்டு அப்புறம் இஸ்திரி போட்டேன். இரண்டையும் ஃப்ரீசரில் வைத்ததில், நேராகத் துவைத்த பாதியில் கோடு அங்கங்கே விட்டுவிட்டு, தேடினால் தெரிகிற அளவில்தான் வந்தது. முதலில் இஸ்திரி போட்டதில் இன்னும் தெளிவாக வந்தது. நிறம் தெரியும்போது எங்கே தேய்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், துவைத்துவிட்டு இஸ்திரி என்கிற வரிசைதான் நல்லது.

போர்வையில் எதை எங்கே வைத்தேன்

இதற்கு அப்புறம் மேல் முகத்தில் இந்தப் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் தூக்கியும் போடவில்லை. துணியின் உள்பக்கத்தில், வெட்டுகிற கோட்டுக்கும் தையல் கோட்டுக்கும் இதைவிட வசதியான சாமான் கிடையாது.

ஒவ்வொரு சதுரமும் ஆறரை இன்ச் வெட்டு, நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்கு. அட்டையில் ஆறரைக்கு ஒன்றும் ஆறுக்கு ஒன்றுமாக இரண்டு வார்ப்பு வெட்டிக்கொண்டேன். பெரியதைச் சுற்றிப் போட்ட கோடு கத்தரியோடு போய்விடும். சிறியதைச் சுற்றிப் போட்டது தையலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். குளிரில் எழுந்தாலும் யார் பார்க்கப்போகிறார்கள்? வெளிர் மஞ்சளும் வெள்ளையுமான மெல்லிய துண்டுகளில் மட்டும் உள்கோடு மேலே நிழலாடலாம் என்று, முழுக் கோடு போடாமல் நாலு மூலையிலும் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். புள்ளிக்குப் புள்ளி ஊசி குத்தி இணைத்தால் மூலைகள் தவறுவதில்லை.

ஒட்டுவேலையில் இந்தப் பேனா படுத்துகிற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு இஸ்திரி போட்டால்தான் சதுரங்கள் படியும். ஒரு பக்கத் தையலைப் படிய வைக்கப் பெட்டியை வைத்தால் அடுத்த பக்கத்துக்குப் போட்டு வைத்த கோடும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒரு வரிசையின் ஆறு சதுரமும் இணையும்வரை பெட்டியை எடுக்கவில்லை, நகத்தால் கீறியே தையலைப் படிய வைத்தேன். வரிசை முடிந்த பிறகு பெட்டியின் நுனியால் குறுக்குத் தையலை மட்டும் தொட்டு, நீளவாக்குக் கோட்டை விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்கிறது. பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். பெட்டியில் ஆவி வந்தால் கோட்டின் மேலும் பரவும், அதனால் ஆவியை நிறுத்திவிடுங்கள்.

மேல் முகத்துக் குறுக்குக் கோடுகளுக்கு மை இல்லாத வழிக்குப் போனேன். அம்மா புடவைக்குக் கஞ்சி போடும் பழக்கம் கைகொடுத்தது. இணைத்து முடித்த மேல்துணியை லேசான கஞ்சியில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். கஞ்சி ஏறிய காட்டனில் ஸ்கேலை வைத்து, முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியின் முதுகால் அழுத்தி இழுத்தால் பளிச்சென்று ஒரு மடிப்புக் கோடு விழும். பக்கவாட்டில் வெளிச்சம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரிகிறது. ஒரு மாலைக்குத் தேவையான கோடுகளை மட்டும் அன்றன்றைக்கு இழுத்துக்கொண்டேன். ஈரக்காற்றில் கஞ்சி தளர்ந்து மடிப்பு மறுநாளைக்குள் மங்கிவிடும். நீண்ட மூலைக் கோடுகளுக்குப் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஓரமாக ஒட்டி, அதன் விளிம்பை ஒட்டியே தைத்தேன். டேப்பை ராத்திரி முழுக்க விடக்கூடாது, பசை இறங்கும். அரக்குத் துண்டுகளில் மடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, அங்கே மாஸ்டரின் சோப்புச் சில்லு.

நடுவில் பிளானலைத்தான் வைத்தேன். பாலியஸ்டர் பஞ்சு ஷீட் நன்றாக உப்பும், ஆனால் கையால் தைக்கும்போது ஊசி வழுக்குகிறது. அடித்துணி அப்பாவின் வேட்டி. ஐம்பது இன்ச் அகலம் இருப்பதால் ஒட்டுப் போடாமல் ஒரே துணியாக வந்துவிட்டது.

போர்வையோடு கூடவே ஒரு சாட்சித் துண்டும் செய்து வைத்தேன். மஞ்சள், அரக்கு, வெள்ளை மூன்றையும் அதே பேனாவால் உள்பக்கம் குறித்து, அதே மாதிரி இணைத்து, அடுக்கி, தைத்து, போர்வையோடு சேர்த்தே துவைத்து, இஸ்திரி போட்டு, ஃப்ரீசருக்கு அனுப்பினேன். போர்வை ஃப்ரீசருக்குள் போகாது, ஆனால் இது போகும். வெளியே எடுத்தபோது மேல் முகத்தில் எதுவும் இல்லை. ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் தையலுக்கு உள்ளே கோடு ஜம்மென்று நிற்கிறது. பார்சலை அனுப்பினேன்.

ரவிக்கை, ஆரி, அப்புறம் மே மாதம்

மாஸ்டரிடம் ஃப்ரீசர் துண்டுகளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாக்குன்னா தட்டினா போச்சு, தட்டலைன்னா இருக்குது. இது இருக்கா போச்சான்னே சொல்ல முடியலையேம்மா" என்றார். அவரும் பேனாவை வைத்திருக்கிறார், ஆனால் லைனிங்கில் டக் (உடம்புக்குப் படிய மடித்துத் தைக்கும் இடம்) முனை குறிக்கவும், சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, இடம் வைக்கவும் மட்டும். காஜா இடத்துக்கு வைக்கும் கோட்டை வெட்டிவிடுவதால் கவலையில்லை. டக் முனைப் புள்ளி உள்ளே போய்விடும். அவர் கணக்கு சரி.

துணி ஓரம் அடிக்க ஓவர்லாக்குக்கோ பிக்கோவுக்கோ வெளியே கொடுக்கிறீர்கள் என்றால் இந்தப் பேனாக் குறியை நம்பிக் கொடுக்காதீர்கள். பல கடைகளில் துணியை வாங்கியதும் ஒரு இழுப்பு இஸ்திரி போட்டுவிட்டுத்தான் மெஷினில் வைப்பார்கள். ஓர இன்ச் குறியெல்லாம் அங்கேயே போய்விடும். அந்த இடத்துக்கு நூலால் நாலு பெரிய தையல் போட்டுவிடுவது உத்தமம்.

ஆரி வேலைக்கு டிசைன் வரைய இதை வாங்குபவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டு ரவிக்கையில் பெரும்பாலும் அடர்ந்த நிறம்தான், அரக்குத் துணியில் பார்த்த வெளிறல் அங்கேயும் வரலாம். தவிர, ஜர்தோசியும் சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்த பிறகு பூக்களுக்கு நடுவில் மிஞ்சி நிற்கும் கோட்டை எப்படி மறைப்பது? பெட்டியை மேலே வைத்தால் சமிக்கி சுருளும், இப்போது வரும் பிளாஸ்டிக் ஜரிகையும் சூட்டைத் தாங்காது. துண்டை விரித்து அதன் மேல் வேலைப் பக்கத்தைக் கவிழ்த்துப் பின்னால் இருந்து சூடு காட்டலாம், அல்லது ஹேர் டிரையர். அதைவிடப் பழைய வழியே மேல். பட்டர் பேப்பரில் டிசைனை வரைந்து, கோடு முழுக்க ஊசியால் துளையிட்டு, அடர்ந்த துணிக்கு ஜிங்க் பவுடரையும் வெளிர் துணிக்கு நீலத்தையும் மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் புள்ளிப் புள்ளியாக இறங்கும். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், பொடி மட்டும் நிற்கும், வேலை முடிந்ததும் துடைத்துவிடலாம். ஒரே பேப்பரை இரண்டு கைக்கும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

குளிர்நாட்டில் இந்தப் பேனாவுக்கு எதிரி குளிர். இங்கே எதிரி வெயில். மே மாத மத்தியானம் வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். குறி வைத்து வெட்டிய துணியை டெய்லரிடம் கொடுக்க எடுத்துப்போகும்போது முன்னால் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் பாண்டி பஜாரில் இறங்கினால், திரும்பி வரும்போது வெறும் துணிதான் இருக்கும். சீட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள்.

பேனாவுக்கும் அதே கதைதான். வெயிலில் கிடந்த பேனா எழுதும், ஆனால் நிறமில்லாமல் எழுதும். மை தீர்ந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரீஃபிலில் மை தெரிந்தால் போடாதீர்கள். மூடியைப் போட்டு, ஒரு கவரில் சுற்றி, முனை கீழே இருக்கும்படி டபுள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து எடுங்கள். ஆறவிட்டு எழுதினால் பழைய நிறத்தில் எழுதும். சிங்கிள் டோர் என்றால் ஐஸும் கல்லுப்பும்தான்.